"டேக் இட் ஆஃப்" சரிதான். அதை அடித்த என் சிவப்பு மைதான் தவறு



இது நீளமான பதிவு. காபியோ டீயோ கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நாலு வரி படித்துவிட்டு "அருமை டீச்சர்" என்று கீழே போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்கு வகுப்பறைக் காலத்திலிருந்தே தெரியும்.

இன்னொன்று. ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதப் போகிறேன். காரணம் இருக்கிறது. கண்ணால் படிக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். இந்தப் பாடம் வாயில் இருக்கிறது, காகிதத்தில் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாம் வகுப்பு. கையில் ஒரு நோட்டு. அதில் 60 ஃப்ரேசல் வெர்புகள், அகர வரிசையில், எதிரே தமிழ் அர்த்தம். பிக் அப் என்றால் கீழே கிடப்பதை எடு. புட் ஆஃப் என்றால் தள்ளிவை. லுக் ஆஃப்டர் என்றால் கவனித்துக்கொள். அத்தனையும் மனப்பாடம். தேர்வில் பத்துக்குப் பத்து வாங்கியிருக்கிறாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு பேனாவைக் கீழே போட்டேன். "அதை எடு என்று இங்கிலீஷில் சொல்லு கண்ணு" என்றேன். "பிக் அப் இட்" என்றாள். "பாட்டிக்கு உடம்பு சரியில்லை. அவளைக் கவனித்துக்கொள் என்று அப்பாவிடம் சொல்லு" என்றேன். "லுக் ஹர் ஆஃப்டர்" என்றாள்.

இரண்டும் தவறு. "பிக் இட் அப்" என்பதும் "லுக் ஆஃப்டர் ஹர்" என்பதும்தான் சரி. ஒன்றில் நடுவில் வர வேண்டிய சொல்லைக் கடைசியில் வைத்தாள். மற்றதில் கடைசியில் வர வேண்டியதை நடுவில் நுழைத்தாள். பத்துக்குப் பத்து வாங்கிய பிள்ளை!

நம் குடும்பக் குழுவில் இதைப் போட்டேன். என் தம்பி மகன், பெரிய கம்பெனியில் வேலை, உடனே பதில் போட்டான்: "அத்தை, இங்கிலீஷ்ல இதுக்கெல்லாம் லாஜிக்கே கிடையாது. மனப்பாடம் பண்ணிட்டுப் போயிடணும், அவ்ளோதான்." அதற்கு ஒரு டஜன் கட்டைவிரல்கள்!

கோபித்துக்கொள்ளாதே தம்பி. நீ தங்கமான பிள்ளை. ஆனால் நீ சொன்னது தப்பு. அந்தத் தப்பை எதிர்த்துத்தான் இந்தப் பதிவு. புத்தகக் கடைகளில் தொங்கும் "ஐந்நூறு ஃப்ரேசல் வெர்ப்" புத்தகங்களை எதிர்த்து, காலையில் குட்மார்னிங்கோடு வரும் வாட்ஸ்அப் பட்டியல்களை எதிர்த்து, "இது தெரியாவிட்டால் இன்டர்வியூவில் அவமானம்தான்" என்று பயம் காட்டிக் காசு பறிக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வியாபாரத்தை எதிர்த்து. எல்லாவற்றுக்கும் முன்னால், 33 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் வேலை பார்த்த இந்த டீச்சரை எதிர்த்து.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் எம்.ஏ. இங்கிலீஷ் படித்தவள் இல்லை. பிளஸ் டூ, அதற்குப் பிறகு இரண்டு ஆண்டு ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். பயிற்சிப் பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு விதி: வாக்கியத்தை ப்ரெபோசிஷனில் முடிக்கவே கூடாது. அதை வேதம்போலப் பிடித்துக்கொண்டேன்.

1993-ஆம் ஆண்டு, ஏழாம் வகுப்பு. படத்தைப் பார்த்து வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தேன். மழையில் நனைந்த ஒரு பையன் சட்டையைக் கழற்றுகிற படம். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுதியிருந்தான்: "ஹிஸ் ஷர்ட் இஸ் வெட். ஹி டுக் இட் ஆஃப்." நான் பார்த்தேன். 'ஆஃப்' கடைசியில் நிற்கிறது. கைடில் 'டேக் ஆஃப்' என்று சேர்ந்தல்லவா இருக்கிறது? இவன் பிரித்துப் போட்டிருக்கிறானே! சிவப்பு மையால் அடித்துவிட்டு "ஹி டுக் ஆஃப் இட்" என்று எழுதினேன்.

அவன் எழுந்து நின்று, "டீச்சர், ரேடியோவுல இப்படித்தான் சொன்னாங்க டீச்சர்" என்றான். கிரிக்கெட் கமென்ட்ரி விடாமல் கேட்கிற பையன். ஸ்வெட்டரையோ தொப்பியையோ யாரோ கழற்றியதைச் சொல்லியிருப்பார்கள். காதில் விழுந்ததை அப்படியே சரியாகப் பிடித்து வைத்திருந்தான். நான் என்ன செய்தேன்? எதிர்த்துப் பேசியதற்காக, நான் திருத்தியதைப் பத்து முறை எழுத வைத்தேன். தப்பான வாக்கியத்தைப் பத்து முறை!

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு பணியிடைப் பயிற்சி முகாமில், பாடம் நடத்த வந்தவர் எங்களைப் பார்த்து, "பிக் அப் இட் என்று எந்த இங்கிலீஷ்காரராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டார். எனக்கு அந்தப் பையனின் முகம் வந்துவிட்டது. அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது பாடத்துக்கு வருகிறேன். லாஜிக் இருக்கிறதா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

ஒரு வினையோடு அப், ஆஃப், அவுட், ஆஃப்டர், அட் என்று ஒரு குட்டிச் சொல் ஒட்டி நிற்கிறது. பார்ப்பதற்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் இரண்டு சாதி அதில் இருக்கிறது. ஒன்று, வினைக்குச் சொந்தமானது. அதை பார்ட்டிகிள் என்பார்கள். இன்னொன்று, பின்னால் வரும் பெயருக்குச் சொந்தமானது, அது ப்ரெபோசிஷன். 'பிக் அப்' என்பதில் 'அப்' வினையின் ஆள். 'லுக் அட் தி போர்ட்' என்பதில் 'அட்' போர்டின் ஆள்.

எது யாருடைய ஆள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரை எடுத்துவிட்டு இட், ஹிம், ஹர், தெம் என்று ஒரு பிரதிப்பெயரைப் போடுங்கள். குட்டு வெளிப்பட்டுவிடும்.

பெயர்ச்சொல் இருந்தால் "பிக் அப் தி பென்", "பிக் தி பென் அப்" இரண்டும் சரி. பிரதிப்பெயர் வந்தால் "பிக் இட் அப்" மட்டும்தான். பார்ட்டிகிளாக இருந்தால் பிரதிப்பெயர் நடுவில். ஆனால் "லுக் அட் இட்", "வெய்ட் ஃபார் மி", "லுக் ஆஃப்டர் ஹர்" என்பவற்றில் குட்டிச் சொல் ப்ரெபோசிஷன். அது தன் பெயருக்கு முன்னால்தான் நிற்கும். "லுக் இட் அட்" என்று ஒருவரும் சொல்வதில்லை.

ஏன் நடுவில்? அதற்கும் காரணம் உண்டு. ஆங்கிலம் புதிய செய்தியையும் கனமான சொற்களையும் வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளும். "உன் அண்ணன் நேற்று மேசைமேல் விட்டுவிட்டுப் போன சிவப்புப் பேனா" என்று நீளமாக இருந்தால் அதை 'பிக்'குக்கும் 'அப்'புக்கும் நடுவில் திணிக்க மாட்டார்கள். 'பிக் அப்' என்று முடித்துவிட்டு அப்புறம்தான் சொல்வார்கள். 'இட்' என்பதோ இரண்டு பேருக்கும் ஏற்கெனவே தெரிந்த பொருள், ஓரசைச் சொல், கனமே இல்லை. நம் ஊரில் டி.வி.எஸ். 50-இல் அப்பா முன்னால், அம்மா பின்னால், குழந்தை நடுவில் உட்காருமே, அதுபோல. குழந்தையைக் கடைசியில் உட்கார வைப்போமா?

விதிவிலக்கு உண்டா? உண்டு. அதுவும் இதே காரணத்தால்தான். "அவளை இல்லை, அவனை" என்று அழுத்திச் சொல்லும்போது அந்த 'ஹிம்' கனமாகிவிடுகிறது. அப்போது "பிக் அப் ஹிம், நாட் ஹர்" என்று கடைசியில் வரலாம். விதிவிலக்கும் விதியின் காரணத்தையே சொல்கிறது. லாஜிக் என்றால் வேறென்ன தம்பி?

காதாலும் கண்டுபிடிக்கலாம். "பிக் இட் அப்" என்று சொல்லிப் பாருங்கள். 'அப்' மேல் அழுத்தம் விழும். "லுக் அட் இட்" என்று சொல்லுங்கள். 'லுக்' மேல் அழுத்தம் விழும், 'அட்' பாதி விழுங்கப்பட்டுவிடும். அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் இலக்கணம் படித்துக் கண்டுபிடிக்கவில்லை. காதால் கண்டுபிடித்தான்.

மூன்று சொல் சேர்ந்து வருகிறதே, அதைக் கண்டுதானே எல்லாரும் பயப்படுகிறீர்கள்? "புட் அப் வித் இட்" என்றால் அதைப் பொறுத்துக்கொள். "ரன் அவுட் ஆஃப் இட்" என்றால் அது கையிருப்பில் தீர்ந்துபோவது. இதில் புதிய விதி ஒன்றுமே இல்லை. வினை, அதன் பார்ட்டிகிள், அதற்குப் பிறகு ஒரு ப்ரெபோசிஷன். பிரதிப்பெயர் ப்ரெபோசிஷனின் ஆள், அதனால் கடைசியில். இரண்டு பிரதிப்பெயர் வந்தால்? "டோன்ட் டேக் இட் அவுட் ஆன் மி." வேறெங்கோ வந்த கோபத்தை என்மேல் காட்டாதே என்று அர்த்தம். 'இட்' பார்ட்டிகிளுக்கு முன்னால், 'மி' ப்ரெபோசிஷனுக்குப் பின்னால். அவரவர் இடத்தில் அவரவர். மேலே படித்த இரண்டு விதிகளும் ஒரே வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

இதே சோதனை இன்னொரு பெரிய தவறையும் காப்பாற்றும். உங்களில் பாதிப் பேர் மெயிலில் "லுக்கிங் ஃபார்வர்ட் டு ஸீ யூ" என்று எழுதுகிறீர்கள். 'இட்' போட்டுப் பாருங்கள். "லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்" சரியாக வருகிறதா? வருகிறது. அப்படியானால் அந்த 'டு' ப்ரெபோசிஷன். அதன் பின்னால் வினை வந்தால் 'ஸீயிங்' என்றுதான் வர வேண்டும். "ஐ வான்ட் டு ஸீ யூ" என்பதில் 'ஸீ யூ'வை எடுத்துவிட்டு 'இட்' போட்டால் "வான்ட் டு இட்" என்று உளறலாகிறது. அது வேறு 'டு'. அதேபோல, "கோப் அப் வித்" என்று நம் நாட்டில் எல்லாரும் சொல்கிறோம். 'கீப் அப் வித்', 'புட் அப் வித்' ஆகியவற்றின் சாயலில் அந்த 'அப்' ஒட்டிக்கொண்டது. "கோப் வித் இட்" போதும்.

இப்போது பட்டியல்காரர்களிடம் ஒரு கேள்வி. 'ஸீ த்ரூ' என்பதற்கு உங்கள் புத்தகத்தில் எத்தனை அர்த்தம் போட்டிருக்கிறீர்கள்? "ஹி ஸா த்ரூ மி" என்றால் என் வேஷத்தைக் கண்டுகொண்டான். "ஹி ஸா மி த்ரூ" என்றால் கஷ்டகாலத்தில் கூடவே நின்று என்னைக் கரையேற்றினான். சொற்கள் அதேதான். 'மி' எங்கே உட்காருகிறது என்பதில் ஒரு வாழ்க்கையே மாறுகிறது. "லுக் அப்" என்று ஒரே வரியில் போடுகிறீர்களே, அகராதியில் ஒரு சொல்லைத் தேடினால் "லுக் இட் அப்". தெருவின் மேல்கோடி வரை கண்ணை ஓட்டினால் "லுக் அப் இட்". பிரதிப்பெயர் இல்லாத பட்டியல் இதை எப்படிச் சொல்லிக்கொடுக்கும்? ஆணி அடித்த மரத்தைக் கொடுத்துவிட்டு நாற்காலி என்று விற்கிறீர்கள்.

இன்னொரு பொய்யையும் உடைக்க வேண்டும். "தமிழ் மீடியம் பிள்ளைக்கு இது வரவே வராது, நம் மொழியில் இப்படி இல்லை" என்பது. யார் சொன்னது?

'கண்டுபிடி' என்கிறோம். அதில் காண்பதும் பிடிப்பதும் தனித்தனியாகவா இருக்கின்றன? 'கைவிடு' என்கிறோம். கையை விடுவதா அர்த்தம்? 'சாப்பிட்டுவிடு' என்கிறோமே, அந்த 'விடு' முழுதாக முடி என்று சொல்கிறது. 'ஈட் அப்', 'டிரிங்க் அப்', 'யூஸ் அப்' என்பவற்றில் 'அப்' அதே வேலையைத்தான் செய்கிறது. 'போய்க்கொண்டே இரு' என்பதில் 'கொண்டே' செய்வதை 'கோ ஆன்', 'கேரி ஆன்' என்பவற்றில் 'ஆன்' செய்கிறது. நடுவில் குட்டிச் சொல் நுழைவதுகூட நமக்குப் புதிதில்லை. 'வந்துவிட்டார்' என்பதை அழுத்திச் சொல்ல 'வந்தே விட்டார்' என்கிறோம். 'ஏ' நடுவில் நுழைகிறது. நாம் நுழைப்பது இடைச்சொல், அவர்கள் நுழைப்பது பிரதிப்பெயர். இரண்டு துண்டாக நிற்கிற வினையைப் பார்த்து மிரள வேண்டிய பிள்ளை தமிழ்ப்பிள்ளை இல்லை.

பள்ளிக்கூடமே போகாத நம் மக்கள் இதை எப்படிப் பிடித்துக்கொண்டார்கள் பாருங்கள். 'ஸ்விட்ச் ஆஃப் தி லைட்' என்பதில் 'ஸ்விட்ச்'சைத் தூக்கிப் போட்டுவிட்டு 'ஆஃப் பண்ணு' என்றார்கள். உயிர் 'ஆஃப்'பில்தான் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது! வேன் 'பிரேக் டவுன்', சினிமா 'கட் அவுட்', மனை 'லே அவுட்', ஆஸ்பத்திரி 'செக் அப்', போலீஸ் 'லாக்கப்' எல்லாம் ஃப்ரேசல் வெர்ப் வழி வந்த பெயர்ச்சொற்கள்தான். பஸ் டிரைவருக்கு 'ஓவர்டேக்' தெரியும். அதைத் திருப்பிப் போட்டால் 'டேக் ஓவர்', பொறுப்பை எடுத்துக்கொள்வது. பழைய ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட குட்டிச் சொற்கள் பல வினைக்கு முன்னால் ஒட்டி நின்றன. பிறகு பல வினைக்குப் பின்னால் போய்விட்டன. முன்னால் நின்றுவிட்டவற்றில் சில 'ஓவர்டேக்', 'அப்ஹோல்ட்', 'வித்ஸ்டாண்ட்'. அவற்றுக்குள் பிரதிப்பெயர் நுழையாது. "ஓவர்டேக் இட்", ஆனால் "டேக் இட் ஓவர்".

கஷ்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1755-இல் தம் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சனே, வெளிநாட்டவருக்கு இதுதான் மிகப் பெரிய தொல்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய புத்தகத்தின் வழியாகப் பரவியது. அர்த்தங்களைப் பழகித்தான் ஆக வேண்டும். ஆனால் அர்த்தம் பழகுவது வேறு, இடம் தெரிவது வேறு. இடத்துக்கு விதி இருக்கிறது. விதி இருப்பதை மனப்பாடமாக்குவது பிள்ளையின் மூளையை வீணடிப்பது.

நான் வேதமாக நினைத்த அந்த விதிக்கும் வருகிறேன். ப்ரெபோசிஷனில் முடிப்பதை 1672-இல் கவிஞர் ஜான் டிரைடன் குறை சொன்னார். 1762-இல் ராபர்ட் லோத் தம் இலக்கண நூலில், பேச்சுக்கு அது பொருந்தும், மேலான நடைக்கு முன்னால் வைப்பது அழகு என்ற அளவில்தான் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அந்த யோசனையைத் தடைச்சட்டமாக்கிவிட்டார்கள். அந்தச் சட்டம் கப்பல் ஏறி, பல கை மாறி, என் பயிற்சிப் பள்ளிக்கு வந்து, என் சிவப்புப் பேனாவுக்குள் புகுந்து, ஏழாம் வகுப்புப் பையனின் நோட்டில் இறங்கியது. 'டேக் இட் ஆஃப்' என்பதில் 'ஆஃப்' ப்ரெபோசிஷனே இல்லை. நான் பிடித்தது தப்பான விதி. அதையும் தப்பான ஆள்மேல் போட்டேன்.

"டீச்சர், பொதுத்தேர்வில் பட்டியல் படித்தால்தானே ஒரு மார்க் வருகிறது?" என்று இப்போது ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்கள் கேட்பீர்கள். வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பட்டியலில் ஒவ்வொன்றையும் 'இட்' சேர்த்து எழுதிப் போடுங்கள். 'பிக் அப்' என்று எழுதாதீர்கள், 'பிக் இட் அப்' என்று எழுதுங்கள். 'லுக் ஆஃப்டர்' என்று எழுதாதீர்கள், 'லுக் ஆஃப்டர் இட்' என்று எழுதுங்கள். இரண்டெழுத்துச் சொல் ஒன்று கூடும், விதி தானாக உள்ளே போய்விடும். காசு செலவில்லை, கோர்ஸ் தேவையில்லை. கரும்பலகையும் சாக்பீஸும் போதும். பிள்ளை நீங்கள் எதிர்பார்க்காததை எழுதினால், அடிப்பதற்கு முன்னால் "எங்கே கேட்டாய்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது அந்த ஒரு கேள்விதான்.

பேத்தியோடு அன்று மாலையே 60-க்கும் 'இட்' போட்டுப் பார்த்தோம். விளையாட்டுபோல ஒரு மணி நேரம். எழுந்து போகும்போது, "பாட்டி, நோட்டைக் கொடுங்க. கிவ் இட் பேக்" என்றாள்.

கடைசியாக, 1993-இன் கடைசி பெஞ்சுக்கு. அப்பா, நீ இப்போது எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. உன் பெயரை இங்கே எழுதவில்லை. படித்தால் உனக்கே தெரியும். நீ எழுதியது சரி. டீச்சர் திருத்தியது தப்பு. அந்தப் பத்து வரிக்காக மன்னித்துக்கொள். எனக்குத் தெரிந்ததுபோல நடித்தேன். அன்றே நீ "ஸா த்ரூ மி". இத்தனை ஆண்டும் உங்களைப் போன்ற பிள்ளைகள்தான் "ஸா மி த்ரூ".

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம். பெயரை எடுத்துவிட்டுப் பிரதிப்பெயர் போட்டு கமென்டில் எழுதுங்கள்:

1. டர்ன் டவுன் தி ஆஃபர்.
2. லிசன் டு தி டீச்சர்.
3. கால் ஆஃப் தி மீட்டிங்.
4. கெட் அவே வித் தி மிஸ்டேக்.
5. புட் தி டிலே டவுன் டு தி ரெயின். (இதில் இரண்டு பெயர், கவனம்.)

பார்த்து எழுதாதீர்கள். தம்பி மகனே, நீதான் முதலில்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்